வெள்ளக்கரமும் மஞ்சள் அட்டையும்

மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். தண்ணீர்க் கட்டணம் வெள்ளக்கரம். கொச்சிக்குப் பிழைக்கப் போன தமிழருக்கு முதலில் இந்தச் சொல் சிரிப்பை வரவழைக்கும். மட்டாஞ்சேரியில் ஒரு கோடையைக் கழித்தால் சிரிப்பு அடங்கிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காயல் தெரியும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். 2023-ன் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதாகி, மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து மேற்குக் கொச்சிக்கு வர வேண்டிய தண்ணீர் வாரக்கணக்கில் குறைந்துபோனது. டேங்கர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்ற அதே சமயத்தில், பிப்ரவரி 3 முதல், கேரள நீர் ஆணையம் கட்டணத்தை உயர்த்தியது. லிட்டருக்கு ஒரு பைசாதான் என்றார்கள். கேட்கச் சின்னதாகத்தான் இருந்தது. வீட்டு இணைப்பின் அடிமட்ட விகிதமோ ஆயிரம் லிட்டருக்கு 4 ரூபாய் 41 காசிலிருந்து 14 ரூபாய் 41 காசாக ஏறியது. மும்மடங்குக்கும் மேல்.

ஏழைகளுக்கு இந்த உயர்வு பொருந்தாது என்று அரசு சொன்னது. சொன்னதில் பொய் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பி.பி.எல். குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை தண்ணீர் இலவசம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று கணக்கிட்டால் சரியாக அந்த அளவு வரும். தாராளமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சலுகையின் குணம் அது தரும் லிட்டரிலும் யூனிட்டிலும் முழுதாகத் தெரிந்துவிடுவதில்லை. அதற்குள் எப்படி நுழைவது, எப்படியெல்லாம் வெளியே விழுவது என்று பார்க்க வேண்டும். நுழைவதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் வெளியேறுவதைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தச் சலுகையில் தொடர மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. ரேஷன் அட்டை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 31-க்குள் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். பழைய பாக்கி இருக்கக் கூடாது, மீட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதலாவது வறுமையை அளக்கிறது, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் எதை அளக்கின்றன? கெடு தேதி ஒரு குடும்பத்தின் நினைவாற்றலை அளக்கிறது. பாக்கி இருந்தால் சலுகை இல்லை என்பது இன்னும் விசித்திரம். கட்ட முடியாததால் பாக்கி விழுகிறது. பாக்கி விழுந்ததால் இலவசம் போகிறது. இலவசம் போனதால் மறுபடியும் பில் வருகிறது. நின்றுபோன மீட்டரை மாற்றுவது இணைப்பு வைத்திருப்பவர் தலையில். உப்புக்காற்றும் கலங்கல் தண்ணீரும் சேர்ந்து முள்ளை நிறுத்திவிட்டால், புது மீட்டர் வாங்கி, பிளம்பருக்குக் கூலி கொடுத்து, அலுவலகத்தில் முத்திரை வாங்கிய பிறகுதான் ஏழை மீண்டும் ஏழையாக முடியும்.

ஜனவரி 31-ஐத் தவறவிட்டவர் பிப்ரவரி 1 அன்று பணக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் கணினியில் அவர் சலுகைக்கு வெளியே நின்றார். மாதம் 15,000 லிட்டர் செலவழிக்கும் வீட்டுக்கு 2023 விகிதப்படி பில் ஏறக்குறைய 222 ரூபாய். சுழியத்திலிருந்து 222. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அவரை யாரும் நீக்கவும் இல்லை. விண்ணப்பிக்க உதவும் அட்சய மையத்தில் கூட்டமாக இருந்த ஒரு நாளில் திரும்பி வந்தார், அவ்வளவுதான்.

மின்சாரத்தில் கதை வேறு மாதிரி. கேரள மின்வாரியம், வீட்டின் மொத்த இணைப்புப் பளு 500 வாட்டுக்குள் இருந்து மாத நுகர்வு 30 யூனிட்டைத் தாண்டாவிட்டால் கட்டணமே வாங்குவதில்லை. முன்பு 20 யூனிட்டாக இருந்ததை 30 ஆக்கினார்கள். அடுத்த படியில், ஆயிரம் வாட்டுக்குள் உள்ள பி.பி.எல். வீடுகளுக்கு யூனிட் ஒன்றரை ரூபாய். இங்கே விண்ணப்பம், கெடு என்ற தொல்லை குறைவு. காவல் நிற்பது வாட். நாலு எல்.இ.டி. பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு சின்ன டி.வி. வரை 500-க்குள் அடங்கும். வீட்டில் இருக்கும் மிக்சியைக் கவிழ்த்து அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 500 அல்லது 750. அயர்ன் பாக்ஸ் 750 அல்லது 1000. ஒரு மருமகள் கொண்டுவரும் சீர்வரிசையே குடும்பத்தை ஒரு படி மேலே தள்ளிவிடப் போதும்.

அயர்ன் பாக்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள தோபி கானா. டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் உடுப்பு வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்னும் துணி வெளுக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் பெருநகர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டியது. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், பின்னால் கொடிகள். கிளிப் கிடையாது, இரட்டைக் கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கஞ்சி போட்ட வேட்டியை ஏழெட்டுக் கிலோ இரும்புப் பெட்டியால் தேய்ப்பார்கள். நாளெல்லாம் தண்ணீரோடும் சூட்டோடும் வேலை செய்பவர்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அளந்து புழங்க வேண்டிய இரண்டு பொருளும் அவைதான்.

அட்டையின் நிறத்துக்கு வருவோம். கேரளத்தில் மஞ்சள் என்றால் அந்த்யோதயா, இளஞ்சிவப்பு என்றால் முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் அதற்கு வெளியே. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த மாநிலத்துக்கு ஏறக்குறைய 1.54 கோடி பேர் என்று தலைக்கணக்கு நிர்ணயித்துவிட்டது. எண்ணிக்கை கூடாது. எனவே ஒரு புதிய ஏழை உள்ளே வர ஒரு பழைய ஏழை வெளியே போயாக வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு மேல் வீடு, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம், சொந்தக் கார், அரசு வேலை, வருமான வரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்னுரிமை அட்டை கிடையாது.

2021-ல் உணவுத்துறை அமைச்சர் ஜி.ஆர். அனில், தகுதியில்லாதவர்கள் தாமாகவே அட்டையைத் திருப்பித் தந்தால் அபராதம் இல்லை என்று அறிவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் திரும்பி வந்தன. இதில் நல்லதும் உண்டு. காத்திருந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டு ‘ஆபரேஷன் யெல்லோ’ என்ற பெயரில் தேடல் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் தொலைபேசியில் துப்புக் கொடுக்கலாம், பெயர் வெளியே வராது. பிடிபட்டவரிடம் அதுவரை வாங்கிய அரிசிக்கு வெளிச்சந்தை விலை வசூலிக்கப்பட்டது. முதல் ஆண்டின் மரியாதையான அழைப்பும் இரண்டாம் ஆண்டின் தெருமுனைத் துப்பும் ஒரே துறையிலிருந்து வந்தவை. மாமியார் வீட்டுப் பழைய காரின் பதிவுப் பெயர் மாறாமல் கிடப்பதால் அட்டையின் நிறம் மாறலாம், அட்டையின் நிறம் மாறியதால் தண்ணீருக்குப் பில் வரலாம். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுக்கடுக்காக எல்லாம் அவிழும். ரேஷன் கடையில் நடந்த மாற்றம் தண்ணீர் பில்லாக வந்து நிற்கும்போது இரண்டுக்கும் உள்ள தொடர்பை அந்த வீட்டார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இந்தியாவில் சலுகையை விட்டு வெளியேறுவதற்குப் பெருமை தேடித் தந்தது சமையல் எரிவாயு. 2015 மார்ச் 27 அன்று பிரதமர் மோடி ‘கிவ் இட் அப்’ இயக்கத்தைத் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் மானியத்தை விட்டுக்கொடுத்தால் அது ஓர் ஏழை வீட்டு அடுப்புக்குப் போகும். ஓராண்டில் ஒரு கோடிப் பேரைத் தாண்டியது. விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எண்ணெய் நிறுவனங்களின் இணையதளத்தில் ஏறியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் தொடங்கியபோது, அந்தத் தியாகத்தின் பலன் இது என்று சொல்லப்பட்டது.

தியாகம் உண்மை. ஆனால் அந்தக் கோடிக்குள் இன்னொரு கூட்டமும் இருந்தது. சிலிண்டர் பதிவு செய்யத் தொலைபேசியில் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் எண்களை அடுக்கிக்கொண்டே போகும். மானியத்தை விட்டுக்கொடுக்க 0-ஐ அழுத்தவும் என்பது அதில் ஒன்று. கண் மங்கிய பெரியவர்களும், மொழி புரியாதவர்களும், அவசரக்காரர்களும் 0-ஐ அழுத்திவிட்டு, அடுத்த மாதம் வங்கிக் கணக்கில் பணம் வராதபோது ஏஜென்சி வாசலில் போய் நின்றார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அப்போது இது பரவலான புகார். வெளியேற ஒரு விரல் போதும். திரும்பி வர மனு, அட்டை நகல், அலைச்சல். மனமுவந்து விட்டவர்கள் ஓராண்டு கழித்து வேண்டுமானால் திரும்பப் பெறலாம் என்று பிறகு வழி செய்தார்கள். அந்த அளவுக்கு நியாயம்.

எவ்வளவு மிச்சமானது என்ற கேள்விக்கு 2016-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒரு விடை சொன்னது. 2015 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எரிவாயு மானியச் செலவில் குறைந்தது ஏறத்தாழ 23,316 கோடி ரூபாய். அதில் 21,552 கோடி சர்வதேச விலை சரிந்ததால் வந்தது. நுகர்வோர் மானிய சிலிண்டரைக் குறைவாக எடுத்ததால் மிஞ்சியது 1,764 கோடி. பிறகு 2020 ஜூனிலிருந்து பெரும்பாலான நுகர்வோருக்கு மானியமே நின்றுபோனது. விட்டுக்கொடுத்தவரும் கொடுக்காதவரும் அன்றிலிருந்து ஒரே விலை கொடுத்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அறிவிப்பு விழாவும் இல்லை.

தமிழ்நாட்டில் இதே வேண்டுகோள் மின்சாரத்துக்கு வந்தது. 2016 மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதும் கையெழுத்திட்டவற்றில் ஒன்று, வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழை பணக்காரர் பேதமில்லை, மாளிகைக்கும் உண்டு. 2022 ஜூலையில் கட்டண உயர்வை அறிவித்த அமைச்சர் செந்தில்பாலாஜி, வேண்டாம் என்பவர்கள் 100 யூனிட்டை விட்டுக்கொடுக்கலாம் என்றார். அதே ஆண்டின் கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது ஊரெல்லாம் ஒரே சந்தேகம்: நூறு யூனிட்டைப் பிடுங்கத்தான் இந்த ஏற்பாடா? இல்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. விட்டுக்கொடுங்கள் என்று கேட்ட அரசு அடுத்த மாதங்களில் ஆதாரையும் கேட்டால் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

உண்மையான வெளியேற்றம் வேறு இடத்தில் இருந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதத்தில், இரு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட் எரித்தால் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த இரண்டே கால் ரூபாய் விகிதம் மறைந்து நாலரை ரூபாய் பின்தேதியிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் கூடப் போதும். ‘ரீடிங்க எப்ப எடுப்பீங்க சார்?’ என்று வீட்டுக்கு வீடு கேட்பது இதனால்தான். மின் சிக்கனத்துக்காக இல்லை.

வெளிநாடுகளில் இந்தக் கதவை எப்படி வைத்திருக்கிறார்கள்? கலிபோர்னியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ‘கேர்’ என்ற திட்டம் மின் பில்லில் 30 முதல் 35 விழுக்காடும் எரிவாயுவில் 20 விழுக்காடும் தள்ளுபடி தருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். ஓய்வூதியம் போல நிலையான வருமானம் உள்ளவர்களுக்கு நான்கு ஆண்டு. எழுபது வயதுக்காரரின் ஓய்வூதியம் ஓராண்டில் துள்ளிக் குதிக்காது என்ற பொதுப் புத்தி அதில் இருக்கிறது. அளவுக்கு மீறி எரித்தால் வருமானச் சான்று கேட்பார்கள். அடிப்படை அளவைப் போல் ஆறு மடங்கைத் தாண்டினால் எரிப்பதைக் குறைக்க 90 நாள் அவகாசம், பிறகுதான் நீக்கம். அந்த 90 நாள் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டன் இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 2024-ல் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை, பென்ஷன் கிரெடிட் போன்ற ஏழைகளுக்கான உதவி வாங்குவோருக்கு மட்டும் என்று சுருக்கினார். ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்கள் ஒரே அறிவிப்பில் வெளியே போனார்கள். தகுதியிருந்தும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காத லட்சக்கணக்கானோரும் அதில் அடக்கம். எதிர்ப்பு தாங்காமல் 2025-ல் மாற்றினார்கள்: எல்லோருக்கும் உதவி போகும், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் வரி வழியே திரும்பி வந்துவிடும், வேண்டாம் என்பவர் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம். சுமை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். முதல் முறையில் ஏழை தன்னை நிரூபிக்க வேண்டும். இரண்டாம் முறையில் வசதியுள்ளவர் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்கு அது பழக்கமான வேலை.

திரும்பக் கொச்சிக்கே வருகிறேன். தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் வழியாக மட்டாஞ்சேரிக்குப் போகும் திசையில், கடற்படைத் தளத்தை ஒட்டி வாத்துருத்தி இருக்கிறது. கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் வந்த தமிழர்களின் குடியிருப்பு, பல பத்தாண்டுகளாக. பெரும்பாலும் ஒற்றை அறைகள், வாடகை. இவர்களின் ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வந்த பிறகு அந்த அட்டையில் கொச்சிக் கடையிலும் அரிசி வாங்கலாம். அரிசிக்குத்தான் எல்லை திறந்தது. தண்ணீர்ச் சலுகை கேரள அட்டையையும் இணைப்பின் பெயரையும் பார்க்கும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் இணைப்பில் பத்து அறைகள், அறைக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு வெறும் 70 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 84,000 லிட்டர். 2023 விகிதப்படி 50,000 லிட்டர் வரைக்கும் 1,272 ரூபாய். அதற்கு மேல் போகும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 54 ரூபாய் 10 காசு. மொத்தம் 3,111 ரூபாய். இதே பத்துக் குடும்பத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் வீட்டுக்கு 8,400 லிட்டர், பில் 121 ரூபாய், பத்துக்கும் சேர்த்து 1,210. கேரள மஞ்சள் அட்டை இருந்தால் அதுவும் இல்லை. அதிகம் செலவழிக்கும் பங்களாவைப் பிடிக்க வைத்த மேல் அடுக்கு, ஒண்டுக் குடித்தனத்தைப் பிடிக்கிறது. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். மீட்டரை வாடகைக்காரர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

விட்டுக்கொடுத்தவர் எண்ணிக்கை மேடையில் வாசிக்கப்படுகிறது. பிடிபட்டவர் எண்ணிக்கை செய்திக்குறிப்பாக வருகிறது. கெடு தவறியும், மீட்டர் நின்றும், ஒரு யூனிட் கூடியும் விழுந்தவர்களுக்கு ஒரு பத்தி கூட ஒதுக்கப்படுவதில்லை. ரேஷன் அட்டையின் நிறம் உணவுத்துறையின் கணினியில் இருக்கிறது, தண்ணீர் இணைப்பு இன்னோர் அரசு அலுவலகத்தின் கணினியில். ஒரே மாநிலத்தின் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியை அட்டைக்காரர் நகல் எடுத்துச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. நீக்குவதற்கு முன் 90 நாள் தராவிட்டாலும், ஒரு பில்லிலாவது ‘அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்குச் சலுகை இல்லை, காரணம் இது’ என்று ஒரு வரி அச்சிட முடியும். நம் ஊர் மின்வாரியத்துக்கும் இதையேதான் சொல்வேன்.

மட்டாஞ்சேரியிலோ தேவராவிலோ இதை வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டில் மஞ்சள் அட்டையோ இளஞ்சிவப்பு அட்டையோ இருந்தால், அவர்களின் கடைசித் தண்ணீர் பில்லை வாங்கிப் பாருங்கள். தொகை சுழியம் இல்லையென்றால் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அட்சய மையத்துக்குக் கூடவே போய்வாருங்கள்.